‘எல்லாம் டீக்’ என்கிற வீரர்கள்

மனநலம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற இதழில் படைவீரர்களின் மனச்சோர்வைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்விக்கு, இடமின்மையால் நாலு வரியில் பதில் சொல்லி முடித்திருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே பொருளைப் பற்றியவை. பெங்களூரில் இது வியப்பல்ல. அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் மையமும், ஜாலஹள்ளியில் விமானப்படையும் இருக்கிற ஊர் இது; ‘தம்பி’ என்ற தமிழ்ச்சொல் ஒரு படைப்பிரிவு வீரர்களின் பட்டப்பெயராகவே நிலைத்துவிட்ட ஊர். ராணுவ மருத்துவப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இம்முறை பகுதி முழுவதையும் இந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். பதினாறு ஆண்டு சர்வீஸ் ஆகிறது. இரண்டு ஆண்டுகளாக வடக்கே எல்லைப் பகுதியில் இருக்கிறார். முன்பெல்லாம் லீவுக்கு வந்தால் மறுநாள் விடியற்காலையிலேயே ரசல் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து, தானே கழுவி, தானே குழம்பு வைப்பார். இந்தத் தடவை வந்து இருபது நாளாகிறது; கொண்டு வந்த பெட்டியின் பூட்டைக்கூடத் திறக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வராந்தாவில் உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால் ‘எல்லாம் டீக்’ (எல்லாம் சரி) என்கிறார். அழுவதுமில்லை, புலம்புவதுமில்லை, பிள்ளையின் மீது மட்டும் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார். கண் பட்டிருக்கும் என்று மாமியார் சுற்றிப் போட்டார். இது அலுப்பா, நோயா?
வாசகி, அல்சூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் நின்று இரண்டாம் முறை படித்தது, பெட்டியைத் திறக்கவில்லை என்ற வரியை.

மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழும் ஒரு முகம்தான் நம் எல்லோருடைய நினைவுக்கும் வருகிறது. மருத்துவர்கள் முதலில் தேடுவது மூன்று: மனம் வாடியிருப்பது, முன்பு பிடித்திருந்தவற்றில் நாட்டம் விட்டுப்போவது, உடலில் தெம்பு குறைவது. இவற்றில் குறைந்தது இரண்டு, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியும், 2 வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம், தன்னம்பிக்கை ஆகியவற்றிலும் சரிவு தெரிந்தால் அதை நோய் என்றே எடுத்துக்கொள்கிறோம். படைவீரர்களிடம் உள்ள சிக்கல், வாட்டத்தை அவர்கள் வெளியே காட்டமாட்டார்கள் என்பதுதான். பயிற்சி மையத்தில் கால்வைத்த நாளிலிருந்து, மேலே இருப்பவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பூட்ஸுக்குள் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும், ‘டீக் ஹை, சாப்’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள் அவர்கள். சல்யூட்டுக்குக் கை தானாக உயர்வதைப் போல அந்தச் சொல்லும் வாயில் தானாக வந்துவிடும். அதனால் உங்கள் கணவர் சொல்வதை ஒதுக்கிவிட்டு, அவர் செய்யாமல் விட்டுவிட்டவற்றைக் கணக்கெடுங்கள். மீன் வாங்கப் போகவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை, பழைய நண்பர்கள் யாரையும் பார்க்கவில்லை என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எரிந்து விழுவதும் இதே கணக்கில்தான் சேரும். ஆண்களுக்கு, அதிலும் சீருடை அணிந்த ஆண்களுக்கு, சோகத்தைவிடக் கோபம் அனுமதிக்கப்பட்ட உணர்ச்சி; உள்ளே வாடிப்போனவர் வெளியே சிடுசிடுப்பாகத் தெரிவார். இரவு விழிப்பைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இரண்டு இரண்டு மணி நேரமாகக் காவல் மாற்றிப் பழகியவர்களுக்கு நடு இரவில் தானாக விழிப்பு வரும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போவார்கள். மனச்சோர்வில் விழித்தவருக்கோ மறுபடி தூக்கம் வராது. காலைப்பொழுது மிகவும் கனமாக இருக்கும். சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் தேறினாற்போலத் தெரியும்.

அலுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது எளிது. மூன்று நாள் ரயில் பயணமும் மாதக்கணக்கான டியூட்டியும் தந்த அலுப்பு, நாலைந்து நாள் தூங்கினால் தீரும். ஒரு வாரத்தில் ஆள் பழைய ஆளாகிவிடுவார். இருபது நாளாகியும் தீராதது அலுப்பு அல்ல.

என் சர்வீஸ் காலத்தில், ஒரே மாதத்தில் மூன்று முறை முதுகுவலி என்று எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவ அறைக்கு) வந்த நாயக் பதவி வீரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாவது முறை அவர் வெளியே போன பிறகு, மருந்து எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், இவர் யூனிட்டின் கேரம் சாம்பியன். இப்போது போர்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் காயைத் தொடுவதில்லை.” நான் முதுகைத்தான் தொட்டுப் பார்த்திருந்தேன். அவரைத் திரும்ப அழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, பேசவிட்டபோதுதான் ஊரில் அண்ணன் தம்பிகளுக்குள் நிலத்தகராறு முற்றி வழக்குக்குப் போயிருந்ததும், ஆறு வாரமாக அவர் சரியாகச் சாப்பிடாததும் தெரியவந்தன. தலைபாரம், நெஞ்சடைப்பு, வயிற்றில் வாயு, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலி என்று வருகிற வீரர்களிடம், விளையாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் அதன் பிறகு நான் யாரையும் அனுப்பியதில்லை.

உடல்நோய் எதுவும் மனச்சோர்வைப் போல வேடமிடவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை இப்படித்தான் தோற்றம் தரும். மிக உயரமான மலைப்பகுதிகளில் ஆக்சிஜன் குறைவதால் தூக்கமே துண்டு துண்டாகிப்போகும். இவற்றில் பலவற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

இனி, செய்ய வேண்டியது. சுற்றிப் போட்டதில் தவறில்லை, உப்பும் மிளகாயும் யாரையும் கெடுத்ததில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். எதிரில் உட்காரவைத்து விசாரித்தால் அவர் மறுபடியும் ‘டீக்’ என்பார். பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டு பேசுங்கள். அந்தப் பெட்டியை இருவருமாகச் சேர்ந்து திறந்து துணிகளை மடித்து வைப்பதுகூட அதற்கு நல்ல சாக்கு. “உங்களுக்கு என்ன குறை? வேலை இருக்கு, சம்பளம் வருது” என்று மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். “நீங்க முன்ன மாதிரி இல்ல, எனக்குக் கவலையா இருக்கு” என்பது போதும். பிறகு, கேட்க நா எழாத அந்தக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: “செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஏற்கெனவே அதைத் தனியாகச் சுமப்பவருக்குப் பாரம் பாதி இறங்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, இத்தனை நாள் கலங்கியிருந்தவர் காரணமில்லாமல் திடீரென்று அமைதியாகிக் கணக்கு வழக்குகளையும் நாமினி காகிதங்களையும் ஒழுங்குசெய்யத் தொடங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அதுவரை அவரைத் தனியே விடக்கூடாது.

லீவில் இருக்கும் வீரர் பழைய விமான நிலையச் சாலையிலுள்ள விமானப்படை கமாண்ட் மருத்துவமனையில் காட்டலாம். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416; இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். படையினருக்காகவே இதன் தனிப்பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள், வீட்டாரும் அழைக்கலாம்.

கேள்வி: ராணுவ வீரன் என்பவன் துணிச்சலுக்குப் பெயர் போனவன். அவனுக்கு டிப்ரஷன் என்பதெல்லாம் வேலையைத் தட்டிக்கழிக்கும் வழியல்லவா? எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லையே!
முன்னாள் படைவீரர், மர்ஃபி டவுன்

பதில்: ஐயா, உங்கள் காலத்துக்கும் முந்திய காலத்திலேயே இருந்தது. முதல் உலகப்போரின்போது, 1915இல், பிரிட்டிஷ் மருத்துவர் சார்ல்ஸ் மையர்ஸ் ‘ஷெல் ஷாக்’ (குண்டு அதிர்ச்சி) என்ற பெயரில் இப்படிப்பட்ட வீரர்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அந்தப் போரில் கோழைத்தனம், படையை விட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காகத் தம் சொந்தப் படையாலேயே சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல் பிரிட்டன் அரசு மன்னிப்பு வழங்கியது. அவர்களில் பலர் மனம் நொறுங்கியவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. தட்டிக்கழிப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தட்டிக்கழிக்க நினைப்பவர் நோயைப் பெரிதாக்கிக் காட்டுவார்; நான் பார்த்த மனச்சோர்வு நோயாளிகளில் பெரும்பாலோர் அதை மறைக்கவே பாடுபட்டார்கள். அந்த ஒரு வேறுபாட்டை வைத்தே ஓரளவு ஆளை எடைபோடலாம்.

கேள்வி: நான் பணியில் இருக்கும் நாயிப் சுபேதார். என் பொறுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட பையன்கள் இருக்கிறார்கள். ஒருவனுக்கு மனம் சரியில்லை என்பதை, ஏதாவது ஆகிவிடுவதற்கு முன்பே எப்படிக் கண்டுகொள்வது? எம்.ஐ. ரூமுக்கு அனுப்பினால் ‘காட்டகரி’ ஆகிவிடும் (மருத்துவத் தரம் குறைந்துவிடும்), புரமோஷன் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அனுப்பவும் தயக்கம், விடவும் பயம்.
பெயர் வேண்டாம், பெங்களூர்

பதில்: சாப், உங்கள் தயக்கத்தை நான் அறிவேன், அந்த மேஜையின் இந்தப் பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வீரனை இன்னொரு வீரனோடு ஒப்பிடாதீர்கள். அவனை அவனுடைய போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். எப்போதும் வாயாடியாக இருந்தவன் வாயடைத்துப்போனால் அது செய்தி; பிறவியிலேயே பேசாதவன் பேசாமலிருந்தால் அது செய்தியல்ல. ஃபால்-இன்னுக்கு (அணிவகுத்து நிற்க) முதலில் வந்து நிற்பவன் கடைசியாக வருவது, தாடையில் மழிக்காமல் விட்ட திட்டு, பளபளப்புக் குறைந்த பெல்ட் பக்கிள், லங்கரில் (சாப்பாட்டுக்கூடத்தில்) தட்டை எடுத்துக்கொண்டு தனியே போவது, ஒரே வாரத்தில் இரண்டு முறை சிக் ரிப்போர்ட் (உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போவது), முன்பு கவனமாகச் செய்த வேலையில் சின்னச் சின்னப் பிழைகள், அவற்றுக்காகத் தொடர்ந்து சின்னச் சின்னத் தண்டனைகள். இந்தக் கடைசி ஒன்றில்தான் படை அடிக்கடி ஏமாறுகிறது என்பது என் எண்ணம். நோயை ஒழுக்கக் குறைவாகப் படித்து, தண்டித்து, அந்தத் தண்டனையாலேயே நோயை வளர்க்கிறோம்.

லீவு முடிந்து திரும்பிய முதல் இரண்டு மூன்று வாரங்கள் உங்கள் கண் விழித்திருக்க வேண்டிய காலம். வீட்டுச் சண்டை, கடன், நிலத்தகராறு, கலைந்துபோன நிச்சயதார்த்தம் ஆகியவை அந்தப் பையோடுதான் வந்து சேரும். எல்லையில் எதிரியால் வரும் அழுத்தத்தைவிட இவற்றால் உடைந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கேட்டு மறுக்கப்பட்ட லீவும், திடீரென்று லீவே வேண்டாம் என்பதும் இரண்டுமே கவனிக்கத்தக்கவை. போனில் நீண்ட நேரம் பேசியவன் இப்போது பேசுவதே இல்லை என்பதைப் பக்கத்துக் கட்டில்காரன்தான் முதலில் அறிவான். ஆகவே அவனை ஒற்றனாக்காமல், அவனிடம் உரிமையோடு விசாரியுங்கள்.

ஆபீசுக்குள் அழைத்து, ‘சாவ்தான்’ (அட்டென்ஷன்) நிலையில் நிற்கவைத்து, உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்டால் உலகத்தில் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். இரவு ரவுண்டில் அவன் காவல் நிற்கும் இடத்தில் நின்று, ஊரைப் பற்றி, அம்மாவைப் பற்றி, தமிழிலேயே பேசுங்கள். இந்தியில் மறைக்க முடிந்ததைத் தாய்மொழியில் மறைப்பது கடினம்.

சந்தேகம் வலுத்தால் ஆயுதத்தோடு நிற்கும் டியூட்டியிலிருந்து அவனைச் சிலநாள் மாற்றி, ஆள்கள் நடமாட்டமுள்ள வேறு வேலையில் போடுங்கள். ‘இவனுக்கு மண்டை சரியில்லை’ என்று மற்றவர்களுக்குத் தெரியும்படி அதைச் செய்தால், செய்ததன் பயன் அங்கேயே போய்விடும்.

இனி, காட்டகரி. ‘ஷேப்’ (SHAPE) என்ற ஐந்தெழுத்து மருத்துவத் தகுதி மதிப்பீட்டில் முதல் எழுத்தான ‘எஸ்’ மனநலத்தைக் குறிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சிகிச்சை தொடங்கும்போது பெரும்பாலும் தற்காலிகமாகவே தரம் குறைப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபடி மருத்துவ போர்டு கூடும், தேறியவர்கள் மேலே வருவார்கள். இதனால் பாதிப்பே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். சில கோர்ஸ்களும், சிலருக்குப் பதவி உயர்வும் தள்ளிப்போகின்றன. ஆனால் ஆரம்பத்திலேயே வந்தவர்கள் சீக்கிரம் தேறி முழுத் தகுதியான ‘ஷேப்-1’க்குத் திரும்புவதும், ஒரு வருடம் மறைத்துவிட்டு வந்தவர்கள் நீண்ட காலம் கீழேயே தங்கிப்போவதும் என் கண்ணால் பார்த்தவை. மனநலப் பிரிவுக்கு ஒருவரை அனுப்பும்போது யூனிட்டிலிருந்து ஒரு நடத்தை அறிக்கையும் கூடவே போகும். அதில் ‘சோம்பேறி, பொறுப்பற்றவர்’ என்ற ஆயத்தச் சொற்களை எழுதாமல், எந்த மாதத்திலிருந்து, எந்த விதத்தில் மாறினார் என்று எழுதும்படி உங்கள் அதிகாரியிடம் சொல்லுங்கள். எங்களுக்கு எந்தப் பரிசோதனையையும்விட அந்த ஒரு பத்தி உதவும்.

காட்டகரிக்குப் பயந்து, லீவில் வந்து வெளியே யாரிடமாவது ரகசியமாக மாத்திரை வாங்கித் தின்னும் பழக்கமும் உண்டு. நோயாளியின் ரகசியத்தைக் காக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. அந்த உரிமையை நான் மதிக்கிறேன். ஆனால் லீவு முடிந்து, மாத்திரையும் முடிந்து, துப்பாக்கியோடு தனியே நிற்கும் இரவில் அந்த வெளி மருத்துவர் உடன் இருக்கமாட்டார். ரெஜிமென்ட்டின் மருத்துவருக்குத் தெரிந்தே சிகிச்சை நடப்பதுதான் பாதுகாப்பு.

கேள்வி: என் மகன் அக்னிவீரனாகச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. நாலு வருடம் முடிந்தால் எடுத்துக்கொள்வார்களோ, அனுப்பிவிடுவார்களோ என்றே எப்போதும் பேசுகிறான். இது மனச்சோர்வா?
ஒரு தாய், கே.ஆர்.புரம்

பதில்: அம்மா, 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு ஆண்டு முடித்தவர்களில் 25 சதவீதம் வரையில்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்பதால், உங்கள் மகனுடைய கவலைக்குக் காரணம் இருக்கிறது, காரணமுள்ள கவலை நோயாகாது. கவலைப்படுபவன் எதிர்காலத்தைப் பற்றி ஓயாமல் பேசுவான்: போலீஸ் தேர்வு எழுதலாமா, டிகிரியை முடிக்கலாமா, மாமாவிடம் கேட்கலாமா என்பான். மனச்சோர்வு வந்தவனோ அந்தப் பேச்சையே நிறுத்திவிடுவான். எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’, ‘எதுக்கு’ என்பான். அவன் உங்களிடம் சாப்பாட்டைக் குறை சொல்லும்வரையிலும், தங்கையை வம்பிழுக்கும்வரையிலும் பயப்படாதீர்கள். குரல் தட்டையாகி, ஒற்றைச் சொல்லில் பதில் வரத் தொடங்கினால், முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வொயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். கனவில் பழைய சம்பவங்கள் வருகின்றன. பட்டாசு வெடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. கேன்டீன் ரம் இரண்டு பெக் போட்டால்தான் தூக்கம் வருகிறது. நிமான்ஸுக்கு (தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு) போ என்கிறாள் மகள். அங்கே போனால் பைத்தியம் என்பார்களே?
வாசகர், வொயிட்ஃபீல்ட்

பதில்: ‘இவனை நிமான்ஸில் சேர்க்கணும்’ என்பது பெங்களூரில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும் வசவு என்பதை அறிவேன். 1974இல் அந்த நிறுவனம் உருவானதிலிருந்து ஓசூர் சாலையில் நாள்தோறும் வரிசையில் நிற்பவர்களில் தலைவலிக்காகவும், வலிப்புக்காகவும், தூக்கமின்மைக்காகவும் வருகிறவர்களும் உண்டு. இதே நிமான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். நீங்கள் காவல் காக்கும் குடியிருப்பில் எத்தனை வீடுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கனவும், திடுக்கிடலும் பழைய அதிர்ச்சி இன்னும் ஆறவில்லை என்பதைக் காட்டுகின்றன. இதனோடு மனச்சோர்வும் கைகோத்து வருவது வழக்கம், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. ரம் தூக்கத்தைக் கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டு, பின்னிரவில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடும். மனத்தையும் மேலும் கீழே தள்ளும். அதற்காக நாளையே அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பல ஆண்டு அன்றாடம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கமும், சிலருக்கு வலிப்பும் வரலாம். மருத்துவர் துணையோடு குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு வாரமாகும். பழக்கமாகி ஆளை அடிமையாக்குபவை அல்ல. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிட்டு வருபவர்கள்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் உங்கள் பாலிகிளினிக்கில் காட்டி மனநல மருத்துவருக்குப் பரிந்துரை வாங்கலாம். நேராக நிமான்ஸ் புறநோயாளிப் பிரிவுக்கும் போகலாம். மகளை உடன் அழைத்துச் செல்லுங்கள், அவர் கவனித்தவை உங்களுக்கே தெரியாதவையாக இருக்கும். எத்தனை பெக் என்று கேட்டால் உள்ளபடியே சொல்லிவிடுங்கள். ‘இரண்டு’ என்று சொல்பவர்களுக்கு நாங்கள் வழக்கமாக நாலு என்றுதான் எழுதிக்கொள்கிறோம்.